நம்பிராஜன் இல்லாத நாட்கள்

அத்தியாயம் 6

மூன்றாவது என்ஜினும் செத்துப் போயிருந்தது.

அறுநூறு குதிரைசக்தி. எட்டுச் சக்கரக் கவச வண்டியை மேட்டிலும் மணலிலும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டிய ராட்சசன். இப்போது ஒரகடத்தில், நீலமேகம் என்ஜின்ஸ் கம்பெனியின் சோதனைக் கூடத்தில், மேல்மூடி கழற்றப்பட்டு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

சசிரேகா அதைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். ஐந்து மாதமாக எதைப் பார்த்தாலும் அவளுக்கு இப்படித்தான். கணவர் ஸ்ரீதர் ஒரு நாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்திருக்காமலே போய்விட்டார். அன்றிலிருந்து கண் பார்க்கிறது, காது கேட்கிறது, மூளைகூடப் பழைய கூர்மையோடு வேலை செய்கிறது. நெஞ்சு மட்டும் மரத்துக் கிடக்கிறது. காரியம் முடிந்த மறுநாளே படப்பை பேக்கரி மாடியில் துப்பறியும் ஆபீஸைத் திறந்து உட்கார்ந்தாள். "கல்நெஞ்சக்காரி, ஒரு சொட்டுத் தண்ணி விடல பாரு" என்று தெருவே பேசியது. அது அவள் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன, அதுவும் ஒன்றும் செய்யவில்லை.

"இன்னாக்கா, பாடிய எப்ப எடுக்கறாங்களாம்?" என்றான் ராஜாமணி.

ராஜாமணி அவளுடைய உதவியாளன். பதினோரு வருடம் தாம்பரத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டியவன். இப்போதும் வேலையில்லாத நாளில் ஓட்டுகிறவன். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் அவன் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்காராத ஆளே கிடையாது. வாய் மட்டும் ரொம்ப நீளம். முன்பெல்லாம் அவன் பேச்சுக்கு அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை. அவனும் விடுவதில்லை.

"உங்களைக் கூப்பிட்டது என்ஜினைப் பார்க்க இல்ல மேடம், ஆளைப் பார்க்க," என்றார் இராமச்சந்திரன். இந்த என்ஜின் திட்டத்துக்கே அவர்தான் தலைவர். ஐம்பத்தைந்து வயது. சட்டையில் ஒரு மடிப்பு கலையவில்லை. மனிதர்தான் நேற்று இரவு தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

மூன்று லீவு விண்ணப்பங்களை மேஜையில் வரிசையாக வைத்தார். மூன்றிலும் ஒரே பெயர்: நம்பிராஜன், டெஸ்ட் ஆபரேட்டர்.

"ஏப்ரல்ல அஞ்சு நாள் ஊருக்குப் போனான். திரும்பி வந்த ரெண்டாம் நாள் முதல் என்ஜின் டர்போ பிடிச்சுக்கிச்சு. ஜூலைல ஆறு நாள் போனான். வந்த மறுநாள் ரெண்டாவது என்ஜின். போன வாரம் ஆறு நாள். நேத்து இது. மூணு தடவையும் த்ராட்டில்ல இருந்தது அவன் கை. இதுக்கு மேல என்ன வேணும்?"

டர்போ என்பது என்ஜினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டும் விசிறி. நிமிடத்துக்கு எண்பதாயிரம் சுற்று சுற்றும். அதன் தண்டு எண்ணெயில் மிதந்துகொண்டு சுற்றுகிற வரைக்கும்தான் பிழைப்பு. எண்ணெய் போகவில்லை என்றால் அரை நிமிடம் தாங்காது. மூன்று என்ஜினிலும் அந்தத் தண்டுதான் கறுத்துப்போய் இறுகியிருந்தது.

"மூணு மணிக்கு ஆர்மிலேர்ந்து கர்னல் வர்றார்," என்று தொடர்ந்தார் இராமச்சந்திரன். "அடுத்த மாசம் ராஜஸ்தான் மணல்ல வண்டிய ஓட்டிப் பார்க்கற டிரையல். இது சதின்னு அவர்கிட்ட நான் சொல்லியாகணும். நாலு மணிக்குப் போலீஸ் வந்துடும். ராணுவத் தளவாடத்துல கை வச்சவன், லேசுல வெளிய வர முடியாது. நீங்க கண்டுபிடிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஊர்ல அவன் யாரைப் பார்த்துட்டு வர்றான்?"

சசிரேகா என்ஜினைச் சுற்றி வந்தாள். பக்கவாட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு. நாலு போல்ட் போட்டு எதையோ மூடியிருந்தார்கள். அங்கே மட்டும் பெயின்ட் புதிது.

"இங்க என்ன இருந்துச்சு?"

"பழைய டிசைன். தேவையில்லைன்னு எடுத்துட்டோம்." பதில் கேள்வியை முந்திக்கொண்டு வந்தது.

"கட்சி ஆபீஸ்ல பழைய தலைவர் போட்டோவக் கழட்டுன எடம் மாதிரி கீது சார்," என்றான் ராஜாமணி.

இராமச்சந்திரன் அவனை முறைத்துவிட்டுப் போனார். மணி பதினொன்றரை.

*

சோதனைக் கூடத்தில் ஒரு தடித்த பதிவுப் புத்தகம் இருந்தது. தினமும் என்ஜின் எத்தனை மணிக்கு ஓடியது, எவ்வளவு பளு, எத்தனை மணிக்கு நிறுத்தம், எல்லாம் அதில் எழுத வேண்டும். கடைசி மூன்று கட்டங்கள் எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தன. 'பளு நீக்கம் 3.30. ஐந்து நிமிடம் ஐடிலிங். நிறுத்தம் 3.35.' ஐடிலிங் என்றால் பளு இல்லாமல் என்ஜினைச் சும்மா ஓடவிடுவது. பக்கத்தில் நம்பிராஜனின் கையெழுத்து.

வேடிக்கை என்னவென்றால், அவன் ஊரில் இருந்த நாட்களுக்கும் அவன் கையெழுத்து இருந்தது. இராமச்சந்திரன் அவற்றைச் சிவப்பு மையால் வளைத்து, 'லீவில் ரகசியமாக உள்ளே வந்திருக்கிறான்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

"லீவு போட்டுட்டுத் திருட்டுத்தனமா உள்ள வந்தவன், வந்தேன்னு கையெழுத்தும் போட்டுட்டுப் போவானா?" என்றாள் சசிரேகா.

"நல்ல மருவாத தெரிஞ்ச திருடன்க்கா."

அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தாள். போன வாரத்து ஆறு கையெழுத்தும் ஒரே பேனா. முதல் நாளில் மை திடமாக இருந்தது. போகப் போக வெளுத்து, ஆறாம் நாளில் வெறும் கீறலாக முடிந்தது. ஆறு நாள் கையெழுத்தையும் யாரோ ஒரே மூச்சில் போட்டு முடித்திருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் கண்ணப்பனைக் கூப்பிட்டாள். படப்பைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர், நாற்பத்தைந்து வயது, முகத்தில் நல்ல மனிதர் என்று எழுதி ஒட்டியிருந்தது. வந்ததும் சுவர்க் கடிகாரத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"நாங்க நாலு பேரு மேடம். ஃபுல் லோடு ஓட்டறது நம்பி மட்டும்தான். அவன் கை அப்படி. அவன் லீவுன்னா நாங்க அரை லோடுல ஓட்டி ஒப்பேத்துவோம்."

"ஓட்டி முடிச்சதும் அஞ்சு நிமிஷம் ஐடிலிங்ல விடுவீங்களா? அவர் லீவுல இருந்தப்பவும்?"

"விடாம? ரூலு அதுதானே மேடம். சூடு ஆறணும்ல." மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அர்ஜென்டா எங்கயாவது போகணுமா?"

"இல்ல... பழக்கம் மேடம்."

கண்ணப்பன் போனதும் சசிரேகா சற்று நேரம் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திரும்பினாள். "ராஜாமணி, இங்கேர்ந்து கம்பெனி பஸ் நிக்கற இடம் வரைக்கும் நடந்து போய்ட்டு வா. மணி பார்த்துக்க."

"ஏன்க்கா, தொப்ப போட்டுருக்கேன்னு ஜாடயா சொல்றியா?"

"போ."

பதினெட்டு நிமிடம் கழித்து, சட்டை நனைந்து, மூச்சு வாங்க வந்து நின்றான். "ஒம்போது நிமிஷம். ஓடுனா ஆறு. நடுவுல வெளிய போற கார்டு தட்டணும், அங்க கியூ வேற. இன்னா கம்பெனிக்கா இது, பஸ்ஸ எடுத்துக்கினு போய் ஆந்திரா பார்டராண்ட நிறுத்தி வச்சிக்கீறான்!"

"பஸ் எத்தனை மணிக்கு?"

"மூணு நாப்பது. அதுல டிரைவரு கோமதிநாயகம் கீறான் பாரு, பொண்டாட்டி ஓடியாந்தாக்கூட ஒரு செகண்டு நிறுத்தமாட்டான். வுட்டா அடுத்த பஸ்ஸு ஆறரைக்குத்தான். அப்டி வுட்டுட்டு நிக்கற கேசுங்கதான் நம்ம சவாரி. முன்னாடி மூணு அம்பதுக்குத்தான் போய்க்கினு இருந்துது. மார்ச்சுல மாத்திட்டானுங்க."

"நம்பிராஜன் உன் ஆட்டோல வந்திருக்காரா?"

"அவனா! மாத்தூர்ல ரூம்பு, சைக்கிளு. மூணு அம்பதுக்கு ஜம்முனு மிதிச்சிக்கினு போவான். நாம கூப்ட்டா கூடத் திரும்பமாட்டான்."

சசிரேகா எழுந்தாள். பஸ்ஸில் ஏறும்போது படியில் அடையாள அட்டையைத் தட்ட வேண்டும்; யார் எத்தனை மணிக்கு ஏறினார்கள் என்பது போக்குவரத்து அறைக் கணினியில் பதிவாகும். அங்கிருந்த ரஞ்சனி என்ற பெண் இரண்டு நிமிடத்தில் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தாள்.

நம்பிராஜன் லீவில் இருந்த பதினேழு நாள். பதினேழு நாளும் கண்ணப்பனும் மற்ற இரண்டு பேரும் பஸ் படியில் அட்டை தட்டிய நேரம், மூன்று முப்பத்தெட்டு, மூன்று முப்பத்தொன்பது.

அவள் பட்டியலையும் பதிவுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "மூணு முப்பத்தஞ்சுக்கு இங்க என்ஜினை ஆஃப் பண்ணவங்க, மூணு முப்பத்தெட்டுக்கு பஸ் படில நிக்கறாங்க. ஒன்பது நிமிஷ வழி."

"றெக்க மொளச்சிருக்கும்க்கா," என்ற ராஜாமணி, வாயை மூடினான். அவனுக்கும் விளங்கிவிட்டது. "அய்யய்யோ. அஞ்சு நிமிஷம் வுடாமலே ஆஃப் பண்ட்டு ஓடிக்கினு இருந்திருக்கானுங்க!"

"நம்பிராஜன் இருக்கற நாள்ல அவங்க போய்டுவாங்க, அவர்தான் பஸ் இல்லாத ஆளு, அவர் இருந்து அஞ்சு நிமிஷம் விட்டு ஆஃப் பண்ணுவார். அவர் இல்லாத நாள்ல அதுக்கு ஆள் இல்ல. தினமும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள கெட்டுப்போயிருக்கு. அரை லோடுல வெளிய தெரியாது. அவர் வந்து ஃபுல் லோடு கொடுத்ததும் படுத்துடுச்சு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அவன் வந்ததால் என்ஜின்கள் சாகவில்லை. அவன் இல்லாமல் போனதால் செத்திருக்கின்றன. கெட்டிக்காரத்தனமான கண்டுபிடிப்புதான், பழைய சசிரேகாவாக இருந்தால் ராஜாமணியின் முதுகில் ஒன்று போட்டிருப்பாள். இப்போது காகிதங்களை ஒழுங்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

*

செக்யூரிட்டி அறையில் நம்பிராஜனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இருபத்தொன்பது வயது. அம்பாசமுத்திரம் பக்கம். காலையிலிருந்து அங்கேயேதான். முன்னால் சாம்பார் சாதப் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தது. வெளியே காவலுக்கு நின்றவன், "காலைலேர்ந்து அழுவுமில்ல, கத்தவுமில்ல மேடம், நெஞ்சழுத்தக்காரன்" என்றான். சசிரேகாவுக்கு அந்த மாதிரிச் சொல் பழக்கமானது.

அவள் எதிரே உட்கார்ந்து, கண்டுபிடித்ததைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

"ஆமா மேடம்," என்றான். "அவியளுக்குப் பஸ்ஸு போயிரும். நான் இருந்து பாத்துக்கிடுதேன், நீங்க போங்கண்ணேன்னு சொன்னதே நாந்தான். ஊருக்குப் போயிட்டு வந்தா கட்டமெல்லாம் காலியா கெடக்கும். ஆடிட் வருது, போட்ருடா நம்பின்னு கண்ணப்பண்ணன் சொல்லும். போட்டேன். அஞ்சு நிமிஷம் விட்டிருப்பாவன்னு நெனச்சுதான் போட்டேன்."

"விடலைன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன மேடம்? என்ஜின் நின்னா எண்ணெயும் நின்னுரும். உள்ள அம்புட்டு சூட்டுல தோசைக்கல்லு எண்ணெயா கருகி அடைச்சிரும். முன்ன அதுக்கு ஒரு சின்ன கரண்ட் பம்ப் இருந்துச்சு. என்ஜின் நின்ன பெறவும் அது பாட்டுக்கு அஞ்சு நிமிஷம் எண்ணெய ஓட்டும். மார்ச்சுல எடுத்துட்டாவ. வண்டிக்குள்ள கவசத் தகட்டுல இடிக்குன்னு."

சசிரேகா ராஜாமணியைப் பார்த்தாள். தலைவர் போட்டோ கழட்டின இடம்.

"என் தம்பி பட்டாளத்துல இருக்கான்," என்றான் நம்பிராஜன், யாரும் கேட்காமலே. "கவச வண்டி டிரைவரு. பம்ப எடுத்த அன்னிக்கு அவங்கிட்ட போன்ல சொன்னேன், இனிமே அஞ்சு நிமிஷம் ஓடவிட்டுத்தான் ஆஃப் பண்ணணுமாம்லேன்னு. அவன் சிரிக்கான். சுடுதவன்கிட்ட அஞ்சு நிமிஷம் பொறுப்பான்னு நீ வந்து கேப்பியான்னு கேக்கான்."

"இதை ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலியே மேடம். ஊர்ல யாரைப் பாத்தே, யாரைப் பாத்தேன்னுதான் கேட்டாவ. அம்மையப் பாத்தேன்னேன். எழுதிக்கிடல."

சசிரேகா நாற்காலியை முன்னால் இழுத்தாள். இதைச் சொல்லும்போது தன் குரல் இன்னும் கொஞ்சம் கனத்திருக்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது. தபால்காரர் கதவைத் தட்டிக் கூப்பிடும் குரலில்தான் வந்தது. "நம்பிராஜன், நான் இதை நிரூபிக்கணும்னா அந்தக் கையெழுத்துங்க பொய்னு காட்டணும். சதி கேஸ் நிக்காது. ஆனா பொய்க் கையெழுத்துக்கு வேலை போகும். நிச்சயமாப் போகும். நீங்க வேண்டாம்னா வேற வழி தேடறேன். நேரம்தான் இல்ல."

அவன் பொட்டலத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"வேல போனா போட்டும் மேடம். நாட்டுக்குத் துரோகம் பண்ணவன்னு மட்டும் பேரு வந்துரக் கூடாது. அவன் உடுப்புப் போட்டுருக்கான். என்னத் தொட்டு அவனக் கூப்ட்டு விசாரிப்பாவ. நீங்க பொய்யன்னே சொல்லிருங்க."

*

மூன்று மணிக்குக் கர்னல் ராஜசேகர் வந்தார். வேலூர்க்காரர், ஒடிசலான மனிதர், காபியில் சர்க்கரை போடவில்லை. இராமச்சந்திரன் இருபத்தைந்து நிமிடம் சதியைப் பற்றிப் பேசினார். கேட்கக் கேட்க ராஜாமணியே சதியை நம்ப ஆரம்பித்துவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு சசிரேகா எழுந்தாள். பதிவுப் புத்தகம். பஸ் பட்டியல். ஒன்பது நிமிட வழி. மை தீர்ந்த கையெழுத்து. நான்கே நிமிடத்தில் முடித்துவிட்டுக் கண்ணப்பனை உள்ளே கூப்பிட்டாள்.

கண்ணப்பன் வந்து நின்றார். சுவரில் இங்கேயும் ஒரு கடிகாரம். மணி மூன்று முப்பத்திரண்டு. இப்போது ஓடினால் பஸ் கிடைக்கும். ஒன்றும் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓடலாம்.

"நாங்கதான் சார் ஆஃப் பண்ணோம்," என்றார். "அவன் இல்லாத நாள்ல. ஐடிலிங் வுடல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

இராமச்சந்திரன் இடிந்துபோவார் என்றுதான் ராஜாமணி எதிர்பார்த்தான். அதுதான் இல்லை. அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. குதிரை கீழே தள்ளிய ஆளுக்குக் கீழே மெத்தை கிடந்த கணக்கு!

"பார்த்தீங்களா கர்னல்! சதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆபரேட்டர் தப்பு. என்ஜின் டிசைன்ல ஒரு குறையும் கிடையாது. இவங்க மேல ஆக்ஷன் எடுக்கறேன். அடுத்த மாசம் டிரையல் வச்சுக்கலாம். மேடம், ரொம்ப தேங்க்ஸ்." கை நீட்டினார்.

சசிரேகா அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கர்னல் பக்கம் திரும்பினாள்.

"சார், ஒரே ஒரு கேள்வி. உங்க டிரைவர் சண்டை நடக்கற இடத்துல வண்டியைக் கொண்டுபோய் மறைவா நிறுத்தறார். ஆஃப் பண்றதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் ஐடிலிங்ல விடுவார்?"

கர்னல் சிரித்தார். "ஐடிலிங்கா? நின்ன அடுத்த செகண்ட் ஆஃப். சத்தம் வரக் கூடாது, புகை வரக் கூடாது. சூடு தெரிஞ்சாலே அந்தப் பக்கம் கேமராவுல வெளிச்சமா விழும். அதுதான் டிரில். அஞ்சு நிமிஷம் உறுமிக்கிட்டு நின்னா..."

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அவர் காபியைக் கீழே வைத்தார்.

"அப்போ பஸ்ஸைப் பிடிக்க ஓடினவங்க செஞ்சதைத்தான் உங்க டிரைவரும் செய்வார்," என்றாள் சசிரேகா. "அஞ்சாறு நாள் செஞ்சா டர்போ இறுகும். முதல்ல இந்த என்ஜின்ல அதுக்கு ஒரு சின்ன பம்ப் இருந்திருக்கு. வண்டிக்குள்ள இடம் பத்தலைன்னு எடுத்துட்டு, ஒரு தகடு வச்சு மூடியிருக்காங்க. நாலு போல்ட். பெயின்ட் புதுசு."

இராமச்சந்திரன் நீட்டின கையை மடக்கிக்கொண்டார். "அது... இடப் பிரச்சனை கர்னல். கவசத்துக்கு அடியில ஒவ்வொரு அங்குலத்துக்கும் சண்டை போட வேண்டியிருக்கு. மேனுவல்ல ஐடிலிங் ரூல் போட்டிருக்கோம்."

"எதிரிக்கும் ஒரு காப்பி அனுப்பிடுங்க சார்," என்றான் ராஜாமணி மெதுவாக. மெதுவாகச் சொன்னாலும் அறை முழுக்கக் கேட்டது.

"அந்தப் பையனைக் கூப்பிடுங்க," என்றார் கர்னல்.

நம்பிராஜன் வந்தான். கர்னல் அவனை உட்காரச் சொன்னார். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"உங்க தம்பி எங்க ஆளுன்னு இந்த மேடம் குறிப்பு எழுதிக் கொடுத்தாங்க. கவச வண்டி டிரைவர். சரியா?"

"ஆமா சார்."

"இந்த என்ஜினை உங்களை விட அதிகமா யாரும் ஓட்டல. இந்த என்ஜின் வச்ச வண்டில உங்க தம்பியை ஏத்துவீங்களா?"

இராமச்சந்திரன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏத்துவேன் என்று ஒரு சொல். சொல்லிவிட்டால் டிரையல் நடக்கும். வேலைகூட ஒருவேளை தப்பும். அது அவனுக்கும் தெரிந்தது. கண்ணப்பனுக்கும் தெரிந்தது, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப ஏத்த மாட்டேன் சார்," என்றான் நம்பிராஜன். "அந்தப் பம்ப வச்சிட்டு ஏத்துவேன்."

கர்னல் ஃபைலை மூடினார். "டிரையல் ஆறு மாசம் தள்ளி. பம்ப்போட வாங்க, மிஸ்டர் இராமச்சந்திரன்."

நாலு மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

*

சசிரேகா சொன்னபடியேதான் ஆயிற்று. நாலேகாலுக்கு நம்பிராஜன் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். பதிவேட்டில் பொய்க் கையெழுத்து இட்டதற்காக உடனடி நீக்கம். கண்ணப்பனுக்கு எச்சரிக்கை. மற்ற இரண்டு பேருக்கும் எச்சரிக்கை. நாலரைக்கு அறிவிப்புப் பலகையில் இன்னொரு காகிதம் ஒட்டினார்கள்: திங்கட்கிழமை முதல் கம்பெனி பஸ் மூன்று ஐம்பதுக்குப் புறப்படும். முதலில் இதைச் செய்திருந்தால் ஒரு என்ஜினும் செத்திருக்காது, உண்மையும் தெரிந்திருக்காது. வயிறு எரிகிற விஷயம்தான். யாரிடம் போய்ச் சொல்வது?

கேட்டில் அட்டையை வாங்கிக்கொண்டு நம்பிராஜனை வெளியே விட்டார்கள். அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, ராஜாமணியின் ஆட்டோ பக்கத்தில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினான். போகவில்லை. சாலையில் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின.

"மாத்தூர்தானே, சைக்கிள மேல கட்டிக்கினு போலாம் வா," என்றான் ராஜாமணி. நக்கலாக ஏதாவது சேர்க்கப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை.

"ரொம்ப நேரமா ஒண்ணுமே தோணல மேடம்," என்றான் நம்பிராஜன். "சந்தோசமும் இல்ல, வருத்தமும் இல்ல. கையக் கிள்ளிப் பாத்தேன்."

"அப்படித்தான் இருக்கும்," என்றாள் சசிரேகா.

"எம்புட்டு நாளைக்கு?"

பொய் சொல்லலாம். இன்றைக்கு நிறையப் பேர் பொய்க்கு விலை கொடுத்தாகிவிட்டது. "எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு. இன்னும் தெரியல."

அவன் தலையாட்டினான். ஆறுதல் சொல்லாதது அவனுக்குப் பிடித்திருந்தது என்று தோன்றியது. அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான், நாலைந்து முறை அடித்து ஓயும் நேரத்தில்தான் காதில் வைத்தான்.

"ஏல, சாப்ட்டியா? ...நான் நல்லாத்தான் இருக்கேன். ...இல்லல, வேலைய விட்டு அனுப்பிட்டாவ. ...ஏ, கத்தாத. ஒண்ணுமில்ல. ஊருக்கு வாரேன், அம்மைட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

எதிர்முனையில் தம்பி என்ன கேட்டானோ தெரியாது. காலையிலிருந்து அசையாமல் இருந்த நம்பிராஜனின் முகம் வாயோரத்தில் கோணியது. சைக்கிள் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டான். அப்படியும் தோள் குலுங்கியது. ராஜாமணி சட்டென்று ஆட்டோவின் அடியில் எதையோ தேடக் குனிந்துவிட்டான். சசிரேகா முகத்தைத் திருப்பவில்லை. தொண்டைக்குள் ஏதோ வந்து அடைத்தது. அதை அவள் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை, அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"புது வண்டியா?" என்றான் நம்பிராஜன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அது இப்ப உங்களுக்கு வராதுல. ஆறு மாசம் ஆவும். ...ஏன்னா, நான்தாம்ல வேண்டாம்னு சொன்னேன்."